வெள்ளை வான் போய்விட்டது, பயம் போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தைப் பற்றிக் கதை வந்தாலே, "இன்னும் எத்தனை காலத்துக்குப் பழசைக் கிளறுறது" என்று கேட்கிறவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா இருக்கிறார். யுத்த காலத்தில் ஆட்களைக் கடத்த வந்த வெள்ளை வானில் கணவரை ஏற்றிக்கொண்டு போனார்கள், அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. கலியாண வீட்டுக்கு வெளிக்கிடும்போது பொட்டு வைப்பதா விடுவதா என்று இன்றைக்கும் கண்ணாடிக்கு முன்னால் தடுமாறுகிறார். வைத்தால் ஊர் ஒன்று சொல்லும், விட்டால் "என்ரை பிள்ளை செத்திட்டானோ" என்று மாமியார் அழத் தொடங்கிவிடுவார். செத்தவீடு என்றால் அயலட்டை வந்து கூட இருந்து அழும், எட்டு, அந்தியேட்டி என்று துக்கம் கொஞ்சம் கொஞ்சமாகவாவது இறங்கும். இந்த வீட்டில் திவசம் கொடுக்கவும் மனம் வராது, கொடுக்காமல் இருக்கவும் நிம்மதி இல்லை. முடிவு தெரியாத இழப்பைப் பல வருடங்கள் ஆராய்ந்த அமெரிக்கக் குடும்ப உளச்சிகிச்சையாளர் போலின் பாஸ், இப்படி உறைந்துபோவதற்குக் காரணம் அந்த மனிதரின் பலவீனம் அல்ல, அவர் மாட்டிக்கொண்டிருக்கிற நிலைமைதான் என்கிறார். நித்திரையில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று போகிறவர்களுக்கு வெறும் குளிசையை மட்டும் கொடுத்து அனுப்பினால் என்ன மாறும்?

அந்த வீட்டோடு இது நிற்கவும் இல்லை. அன்றைக்குக் கண்ணால் கண்டவர்களும் வாய் திறக்கவில்லை, திறந்தால் அடுத்தது தங்கள் வீடு என்ற பயம். அந்தப் பயம் ஊரிலேயே தங்கிவிட்டது. யார் வந்து எதை விசாரித்தாலும் முதலில் வருவது "எங்களுக்குத் தெரியாது" என்ற பதில்தான். அக்காவின் மகன் இப்போது வளர்ந்த பிள்ளை, ஆனாலும் படலையடியில் ஒரு வாகனம் வந்து நின்றால் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே அடங்கிப்போகிறான்.

2022இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபா கொடுக்க இலங்கை அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது, அந்தக் காசு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்றார்கள் போராட்டத்தில் இருக்கிற அம்மாமார். பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் கண்ணை மூடிவிட்டார்கள். காணாமல் போனவர்களைத் தேடவென்று அரசு அமைத்த காணாமல் போனோர் அலுவலகம் தன்னிடம் உள்ள ஒவ்வொரு கோவையிலும் இதுவரை என்ன விசாரித்தது, யாரை விசாரித்தது என்பதை அந்தந்தக் குடும்பத்துக்கு எழுத்தில், தமிழில் கொடுக்கவேண்டும். மிச்சமிருக்கிற அம்மாமார் உயிரோடு இருக்கும்போதே கொடுக்கவேண்டும்.

– ஓர் ஆசிரியை, கிளிநொச்சி