நாற்காலி போட்டுக் கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை நம்ம பேண்டு செட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசித்த கச்சேரி முடிந்ததிலிருந்து போன் ஓயவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த வாழ்த்துக்கெல்லாம் கைகூப்புகிற பொம்மையை அனுப்பித் தள்ளிவிட்டேன், அது எனக்கே ஒரு மாதிரி இருந்ததால் இப்போது உட்கார்ந்து ஒழுங்காக எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. உங்களில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியாது என்பதும் ஒரு காரணம்.

முதலில் நைனாவுக்கு. பின்னி மில் 1996-இல் மூடியபோது தாத்தாவின் வேலையோடு சேர்ந்து எங்கள் வீட்டிலிருந்து மாதச் சம்பளம் என்பதும் போய்விட்டது, அதன் பிறகு முகூர்த்த நாளும் சாவும்தான் கணக்கு. நைனா பேண்டு செட்டில் ட்ரம்பெட். கல்யாண ஊர்வலம், மாதா தேர், கட்சிக் கூட்டம் எல்லாம் உண்டுதான், ஆனால் அடுப்பு எரிந்தது பெரும்பாலும் சாவு வீட்டு வாசிப்பில். கொருக்குப்பேட்டையில் எடுப்பு என்றால் மூலகொத்தளம் மயானம் வரைக்கும் ஊதிக்கொண்டே நடப்பார். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் அடக்கமான இடம் மூலகொத்தளம் என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னபோது, எங்க நைனா அங்கேதான் வேலைக்குப் போறாரு என்று எழுந்து சொன்னேன். வகுப்பே சிரித்தது.

அவருடைய ட்ரம்பெட் மீரட்டில் செய்தது. நடு வால்வை அழுத்தினால் திரும்பி வராது, ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு விரலால் நாலு தட்டு தட்டினால்தான் எழும்பும். அதைத் தட்டுவதுதான் எனக்கு முதலில் கிடைத்த வேலை. அப்புறம் மெதுவாக வாயில் வைத்துப் பார்த்தேன். பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இது, மூஞ்சி கோணிக்கும், யார் கட்டுவான் என்று ஆயாவிலிருந்து எதிர்வீடு வரை பேசினார்கள். நைனா ஒன்றுதான் சொன்னார்: "உதடு நல்லா கீது, ஊதட்டும்." இன்றுவரை எந்தச் சான்றிதழும் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படவில்லை.

அம்மா எம்.சி. ரோடு பக்கம் ஒரு தையல் கடைக்காக வீட்டிலேயே ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்து ஹெம்மிங் செய்வாள். நைனாவின் பழைய யூனிஃபார்மை, தோளில் ஜிகினாப் பட்டை கலையாமல், என் அளவுக்குப் பிடித்துத் தந்தது அவள்தான். நன்றி என்று சொன்னால் திட்டுவாள், இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஹவுசிங் போர்டு அக்கம்பக்கத்து ஜனங்களே, உங்களுக்குத்தான் நான் ரொம்பக் கடன்பட்டிருக்கிறேன். ட்ரம்பெட் பழகுவது என்றால் பாட்டு வாசிப்பது இல்லை. ஒரே சுரத்தை மூச்சு முடியும் வரை இழுப்பது, அதையே மறுபடி இழுப்பது. அதுவும் விடியற்காலையில். கைலியைச் சுருட்டி வாயில் திணித்தும்கூட (ட்ரம்பெட்டின் வாயில்) மூன்று மாடிக்குக் கேட்கும். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து படுத்த அண்ணன் ஒருவர் மொட்டைமாடிக்கு ஏறி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "பாப்பா, அந்தக் கடைசியில கொஞ்சம் நடுங்குது பாரு, அதைச் சரி பண்ணு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் சொன்னது சரி, நடுங்கத்தான் செய்தது.

ராயபுரத்தில் தேவாலயப் பாடகர் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் காசு வாங்காமல் எனக்கு நொட்டேஷன், அதாவது சுரத்தைத் தாளில் எழுதிப் படிக்கிற முறை, கற்றுத் தந்தார். முதல் நாளே சண்டை. எந்த வால்வையும் அழுத்தாமல் வரும் சுரத்தை நைனா நம்ம சுருதிக் கணக்கில் ஆறரை கட்டை என்பார், மாஸ்டர் தாளில் அதை சி என்று எழுதியிருந்தார், சி என்றால் ஒரு கட்டை ஆயிற்றே என்று நான் அடம்பிடித்தேன். இந்த வாத்தியத்துக்குத் தாளில் சி என்று எழுதினால் காதில் பி ஃப்ளாட் கேட்கும், அதுதான் ஆறரை கட்டை, இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறோம் என்று பியானோவில் தட்டிக் காட்டினார்.

அமெரிக்காவில் இருக்கிற நியூ ஆர்லியன்ஸ் பற்றிச் சொன்னதும் அவர்தான். ட்ரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் பிறந்த அந்த ஊரிலும் சாவுக்கு பேண்டு வாசிப்பார்கள், கல்லறைக்குப் போகும்போது மெதுவாக, அடக்கம் முடிந்த பிறகு ஆட்டம் போட வைக்கிற மாதிரி. நம்மிடம் தலைகீழ். போகும்போது ஆட்டம், திரும்பும்போது வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டு பேசாமல் வந்துவிடுவோம். நைனாவிடம் சொன்னபோது, "அங்க கூலி எப்போ தருவாங்களாம், போறப்பவா வர்றப்பவா?" என்று கேட்டார்.

சீட்டுப் பிடிக்கிற அக்கா இல்லாவிட்டால் இந்த செகண்ட் ஹேண்ட் யமஹா ட்ரம்பெட் என் கையில் இல்லை. மகள் வளைகாப்புக்கு வைத்திருந்த தன் முறையை எனக்கு மாற்றிக் கொடுத்தார், கழிவு என்று ஒரு காசுகூடப் பிடிக்கவில்லை.

எல்லோரும் இப்படி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஓர் இசைப் பள்ளி நேர்காணலில் எங்கே கற்றாய் என்றார்கள், பேண்டு செட்டில் என்றேன், அதற்கு மேல் வாசிக்கச் சொல்லவே இல்லை. கோடம்பாக்கத்துக்கும் போய்ப் பார்த்தாயிற்று. அந்தக் காலத்தில் ஒரு பாட்டுக்கு வரிசையாக ட்ரம்பெட் உட்காருவார்களாம், இப்போது பாதி வேலையைக் கீபோர்டே முடித்துவிடுகிறது. கூப்பிட்டால் போவேன், கூலி நல்ல கூலி. ஆனால் அது என் கனவு இல்லை.

கனவு ஞாயிற்றுக்கிழமை பார்த்தீர்களே, அதுதான். பேண்டு செட்டு நடக்காமல், பிணத்துக்கு முன்னாலோ மாப்பிள்ளைக்கு முன்னாலோ போகாமல், நாற்காலி போட்டு உட்கார்ந்து தனக்காகவே வாசிப்பது. நாற்காலியை இலவசமாக இறக்கிய பந்தல்காரர் அண்ணனுக்குக் கோடி நன்றி. பெரியவர்களுக்கு உட்கார்ந்து ஊதிப் பழக்கமே கிடையாது, ஒத்திகையில் கால் தானாக நடை போட்டதில் நாற்காலி நகர்ந்துகொண்டே போனது, யூஃபோனியம் என்கிற பெரிய குழல் ஊதுகிற தாத்தா டிரம்மில் போய் முட்டிக்கொண்டார். நொட்டேஷன் வேண்டாம் என்று அவர்கள் முறைத்ததால் சுரத்துக்கு அடியில் விரல் எண் எழுதிக் கொடுத்தேன்: ச-வுக்கு எதுவும் அழுத்த வேண்டாம், ரி-க்கு ஒன்றும் மூன்றும். இரண்டே நாளில் என் தாளில் இருந்த பிழையை அவர்கள் கண்டுபிடித்தார்கள். ஐயா, உங்கள் எல்லோருக்கும் கும்பிடு. பல்லு போனால் ட்ரம்பெட் போச்சு என்று நீங்களே சொல்கிறீர்கள், அதனால் உங்களிடம் இருக்கிற மெட்டுகளை இந்த வருடமே பதிவு செய்துவிட வேண்டும் என்று பறக்கிறேன். சென்னை சங்கமம் மாதிரி ஒரு மேடையில் நாம் முழுக் கச்சேரி செய்ய வேண்டும், அதற்கு எழுதிக்கொண்டும் இருக்கிறேன்.

டீக்கடை அண்ணே, ஒத்திகைக் கணக்கு நினைவிருக்கிறது, ஒன்றாம் தேதி தந்துவிடுகிறேன்.

அப்புறம் ஒரு செய்தி. மீரட் ட்ரம்பெட் இப்போது வீட்டில் சும்மா இருக்கிறது. கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற பெண் பிள்ளைகள் சாயங்காலம் மொட்டைமாடிக்கு வரலாம், காசு வேண்டாம். மவுத்பீஸ் மட்டும் அவரவர் வாங்கிக்கொள்ளுங்கள், நைனாவுடையதை அவர் தரமாட்டார்.