நெல் வாங்கத் தெரிந்தவருக்குப் படம் வாங்கத் தெரியாதா?

அன்புள்ள சித்தப்பா,

நீடாமங்கலம் புது வீட்டுக் கூடத்தில் மாட்ட ஓவியம் வேண்டும் என்று போனில் சொன்னீர்கள். வரைந்தவன் இன்றைக்குப் பெயர் தெரியாத பையனாக இருக்க வேண்டும், நாளைக்கு விலை பல மடங்கு ஏற வேண்டும், அப்படி ஒருவனைச் சொல் என்றீர்கள். சென்னையில் மருத்துவர்களும் மென்பொருள் நிறுவனக்காரர்களும் என்னிடம் கேட்பது இதே கேள்வியைத்தான். அவர்களுக்கும் ஆகட்டும் என்று பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். கோபிக்க வேண்டாம்.

ஓவியர் எம்.எஃப். ஹுசேன் படம் 118 கோடி ரூபாய்க்கு ஏலம் போன செய்திதான் உங்களை உசுப்பிவிட்டது என்று தெரியும். 2025 மார்ச்சில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் என்ற ஏல நிறுவனம் நடத்தியது அது. ‘கிராம் யாத்ரா’ என்ற அந்தப் படம் 14 அடி நீளம் இருக்கும். 1954இல் வரைந்தபோது ஹுசேன் நாற்பதைத் தொடவில்லை. உலக சுகாதார நிறுவனத்துக்காக டெல்லியில் மார்பு அறுவை சிகிச்சைப் பயிற்சி மையம் அமைக்க வந்த வொலோடார்ஸ்கி என்ற மருத்துவர் அதை வாங்கி நார்வேக்குக் கொண்டுபோனார். 1964இல் அது ஆஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனையிடம் சேர்ந்து, பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்தது. விலை ஏறியது உண்மை, ஆனால் முதலில் வாங்கிய மனிதர் அந்த ஏற்றத்தில் ஒரு காசும் பார்க்கவில்லை. விற்ற பணம் மருத்துவர்களின் பயிற்சிக்கு என்று ஒதுக்கப்பட்டது. அதே 1954இல் டெல்லியிலும் பம்பாயிலும் வரைந்து, இன்று யாருக்கும் பெயர் தெரியாமல் போனவர்களின் படங்களை வாங்கியவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி எந்தச் செய்தித்தாள் எழுதப்போகிறது?

நான் ‘படக்கடையில் கணக்கு எழுதுகிறேன்’ என்று அம்மா சொல்லியிருப்பாள். என் வேலை அதுவல்ல. ஓவியங்களைக் காட்சிக்கு வைத்து விற்கும் கேலரியில் விற்பனை பார்க்கிறேன். கண்காட்சி திறப்பதற்கு முன்பே படங்களையும் விலைப்பட்டியலையும் தெரிந்த வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவிடுவேன். திறப்பு விழா மாலையில் நாலைந்து படங்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருக்கும். விற்றுவிட்டது என்று அர்த்தம். புதிதாக வருபவர் பொட்டைப் பார்த்ததும் பதறுவார். அந்தப் பதற்றத்துக்குத்தான் எனக்குச் சம்பளம். சுவரில் ஒட்டும் அறிமுகக் குறிப்பையும் நானே எழுதுகிறேன். ஆற்று மணலை வரைகிறவருக்கும் மாநகரப் பஸ்ஸை வரைகிறவருக்கும் ‘நிலம், நினைவு, உடல்’ என்ற அதே மூன்று சொற்களைப் போட்டிருக்கிறேன். அதைப் படித்துவிட்டுப் படம் வாங்காதீர்கள். எழுதியவளே சொல்கிறேன்.

நன்றாகத் தேர்வு செய்கிறவர்கள் என்னிடம் அதிகம் பேசுவதே இல்லை. மற்ற ஓவியர்களிடம்தான் பேசுகிறார்கள். ‘உங்களைவிட இளையவர்களில் யாருடைய வேலையைத் தொடர்ந்து பார்க்கிறீர்கள்?’ என்று மூத்த ஓவியர் ஒருவரைக் கேட்டால் கிடைக்கும் இரண்டு பெயர்களுக்கு, நாங்கள் அச்சடிக்கும் வழவழப்பான புத்தகம் ஈடாகாது. பிறகு அந்தப் பையனோ பெண்ணோ வரைகிற இடத்துக்கே போகிறார்கள். மூட்டையின் வாயில் கிடக்கும் நெல்லைப் பார்த்து நீங்கள் விலை பேசியதில்லையே, குத்தூசியை நடு மூட்டையில் இறக்கித்தானே பார்ப்பீர்கள்? அவர்களும் சட்டம் போட்டு மாட்டிய படத்தை விட்டுவிட்டு, சுவரோரம் திருப்பிச் சாய்த்து வைத்த பழைய படங்களைக் காட்டச் சொல்வார்கள். போன வருடம் வரைந்ததற்கும் இந்த வருடம் வரைந்ததற்கும் இடையில் ஏதாவது நகர்ந்திருக்கிறதா, விற்ற ஒரு படத்தையே நிறம் மாற்றித் திரும்பத் திரும்பப் போடுகிறாரா என்று பார்ப்பார்கள். பலர் அன்றைக்கே வாங்க மாட்டார்கள். அடுத்த கண்காட்சி வரைக்கும் பொறுத்திருப்பார்கள்.

காரணம் உண்டு. இளம் ஓவியர் விஷயத்தில் திறமைக் குறைவைவிடப் பெரிய ஆபத்து, பாதியில் நின்றுவிடுவது. கல்லூரி முடித்த சில வருடங்களில் ஒருவர் பள்ளி ஓவிய ஆசிரியராவார், ஒருவர் சினிமா கலைப்பிரிவுக்குப் போவார், ஒருவர் பேனர் வடிவமைப்பில் உட்கார்ந்துவிடுவார். பிழைக்க வேண்டுமே, தப்பு சொல்ல முடியாது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடன் இருந்தவர்களும் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்றுப் பணம் சேர்த்து 1966இல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உருவாக்கியதும் இந்தச் சிக்கலுக்காகத்தான். படம் விற்றாலும் விற்காவிட்டாலும் வரைந்துகொண்டே இருக்க ஓர் ஏற்பாடு வேண்டியிருந்தது. நீங்கள் கொடுக்கும் பணம் ஒருவருக்கு இன்னும் ஆறு மாதம் வரைய வழி செய்யலாம். அதனால்தான் யார் நிலைப்பார் என்பதை வாங்குகிறவர்களும் சேர்ந்தே முடிவு செய்கிறார்கள் என்கிறேன்.

இதற்காகச் சென்னைக்கு வர வேண்டாம். கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. வலங்கைமான் வழியாக எத்தனை முறை போயிருப்பீர்கள், ஒருமுறையாவது எட்டிப் பார்த்தீர்களா? மாணவர்கள் படங்களைக் காட்சிக்கு வைக்கும்போது போங்கள், எதுவும் வாங்காமல் திரும்புங்கள். உலோகச் சிற்பம் பிடித்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். சுவாமிமலையில் மெழுகில் வடித்து, மண் பூசி, மெழுகை உருக்கி, உலோகம் ஊற்றி, கடைசியில் மண் அச்சை உடைத்துவிடுகிறார்கள். அந்த மெழுகில் பிறந்தது அந்த ஒன்றுதான். நவீனச் சிற்பிகள் பலர் ரப்பர் அச்சு எடுத்து ஒரே சிற்பத்தில் பல பிரதிகள் வார்ப்பார்கள். எத்தனை பிரதி, உங்களுடையது எத்தனையாவது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பேரம் பேசுவீர்கள், தெரியும். கேலரிகள் விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை எடுத்துக்கொள்வது வழக்கம். அதை மிச்சம் பிடிக்கலாம் என்று கேலரியில் பார்த்த படத்துக்கு ஓவியரின் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள். இடத்துக்கு ஒரு விலை சொல்கிறவர் என்ற பெயர் வந்துவிட்டால் அடிபடுவது அவர்தான். தலைப்பு, ஆண்டு, அளவு, கையொப்பத்தோடு ரசீது வாங்குங்கள். பின்னால் விற்கும் எண்ணம் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: மறுவிற்பனை விலை 10,000 ரூபாயைத் தாண்டினால் அதில் ஓவியருக்கும் பங்கு உண்டு என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு. அந்தப் பங்கு 10 விழுக்காட்டுக்கு மேல் போகாது.

காகிதத்தில் வரைந்த படத்தை ஆற்றங்கரைப் பக்கத்துச் சுவரில் மாட்ட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். வெயில் விழும் மேற்குச் சுவரும் ஆகாது, சாயம் வெளுக்கும். அங்கே சித்தி ஆசைப்பட்ட கடிகாரத்தை மாட்டிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்