தைலமரத் தோப்பின் தரை

ஆசிரியர் அவர்களுக்கு,

மரம் வளர்ப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை கன்றுகள் நட்டார்கள், ஒரு மரம் எவ்வளவு கார்பனை இழுக்கும் என்ற கணக்கெல்லாம் இருந்தது. மரத்தடியில் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துச் செம்மண்காரன். எங்கள் ஊரை ஒட்டித் தைலமரத் தோப்பு, அதாவது யூகலிப்டஸ் தோப்பு, இருக்கிறது. நான் சிறுவனாக ஆடு ஓட்டிப்போன காலத்தில் அங்கே காரையும் சூரையும் ஆவாரையும் கொழுஞ்சியும் மண்டிக் கிடந்தன. காலில் முள் ஏறாமல் வீடு திரும்பியதில்லை. இன்று வரிசையாக மரம், இடையில் வெறுந்தரை. களை என்று டிராக்டர் விட்டு உழுதுவிடுகிறார்கள். மிஞ்சும் சருகை நாங்களே அடுப்புக்குக் கூட்டி அள்ளிவிடுகிறோம். இதில் என் வீட்டுக்கும் பங்கு உண்டு. 6, 7 ஆண்டுகளில் மரம் காகித ஆலைக்குப் போகிறது. பிறகு தூரைப் பெயர்த்து, ஆழ உழுது, மறு நடவு. ஒவ்வோர் உழவிலும் மண்ணுக்குள் பொதிந்திருந்த மட்கு காற்றுப்பட்டுக் கரியமில வாயுவாகப் பறக்கிறது.

மேலே விழும் இலையின் கார்பனில் பெரும்பகுதி மட்கும்போதே காற்றோடு போய்விடும். மண்ணில் நெடுங்காலம் தங்குவதில் பெரும்பங்கு சல்லிவேர்களிலிருந்து வருவது. அவற்றைத் தின்று வாழ்ந்து மடியும் நுண்ணுயிர்களின் எச்சம் களிமண் துகளோடு ஒட்டிக்கொள்கிறது. புல் பூண்டை அழித்தால் இந்த வரவு குறைகிறது. தைல இலையில் எண்ணெய் அதிகம், தழைச்சத்து குறைவு; எளிதில் மட்காது. கொழுஞ்சியோ வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்ப்பது, என் தாத்தா வயலில் மிதித்த தழை. அதைத்தான் களை என்கிறோம். தென் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் தைலமரத் தோட்டங்களில் அடிச்செடிகளை அகற்றிப் பார்த்தார்கள். மண்ணில் பூஞ்சைகள் குறைந்தன, சருகு மட்கும் வேகமும் குறைந்தது. மட்கினால்தானே சருகின் சத்து மண்ணுக்குத் திரும்பும்?

இது சில்லறை விஷயம் அல்ல. ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை ஏறத்தாழ 900 டன். மண்ணைப் பரிசோதித்து உழவர்களுக்குத் தரும் மண்வள அட்டையில் அங்கக கார்பன், அதாவது மட்கிய பொருளில் உள்ள கார்பன், 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ‘குறைவு’ என்று போடுவார்கள். அந்த எண் 0.1 கூடினாலே ஏக்கருக்குச் சுமார் 900 கிலோ கார்பன் மண்ணில் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

கன்று வேர்பிடிக்கும் வரை அதைச் சுற்றிக் களை எடுக்கத்தான் வேண்டும். அதற்குத் தூரைச் சுற்றி ஒரு வட்டம் போதும், தோப்பு முழுவதையும் உழ வேண்டியதில்லை. கோடையில் காய்ந்த புல்லில் தீப்பிடிக்கும் என்ற அச்சமும் நியாயமே. தீ பரவாமல் இடையில் செதுக்கிவிடும் வெற்றுப் பட்டை, தீத்தடுப்புக் கோடு, அதற்குத்தானே இருக்கிறது? வேற்று நாட்டிலிருந்து வந்து எங்கும் பரவும் உண்ணிச்செடியை வளரவிடச் சொல்கிறேன் என்றும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தரையில் இருப்பதை மதிக்காமல் மரம் நட்டதற்கு நீலகிரியே பாடம். அங்கே புல்வெளியை வெற்று நிலம் என்று எண்ணிச் சீகை (வாட்டில்) மரமும், தைலமர இனமான கற்பூர மரமும் நட்டார்கள். பிறகு சீகையை வெட்டச் சொல்லி நீதிமன்றம் வரை போக வேண்டியதாயிற்று.

அடுத்த முறை கன்றுகளின் எண்ணிக்கையை வெளியிடும்போது, நட்ட ஆண்டில் அந்த மண்ணின் அங்கக கார்பன் எவ்வளவு, இன்று எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.