ஆர்.சி. வீட்டுக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள ஜெபாவுக்கு,

இயேசுவின் இனிய நாமத்தில் வாழ்த்துகள். அப்பாவும் நானும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது; ஆனாலும் சேகரக் கமிட்டிக்குப் போய்ச் சண்டை போடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

மாப்பிள்ளை வீட்டு ஆச்சி, "உங்களுக்குத்தான் மாதாவே கிடையாதாமே, பிறகு யாரைக் கும்பிடுவீர்கள்?" என்று கேட்டார்கள், நீ சிரித்துச் சமாளித்துவிட்டாய் என்று போனில் சொன்னாய். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. வசனப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளை, பதில் சொல்ல வேண்டிய இடத்தில் பல்லைக் காட்டிவிட்டு வரலாமா? கல்யாணம் பேசி முடித்த காரியம். அதை நான் கிளறவில்லை. சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபையில், புராட்டஸ்டன்டாக வளர்ந்த நீ தூத்துக்குடியில் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்க, குடும்பத்தில் வாழப் போகிறாய். எதைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறாய் என்று தெரிந்து போக வேண்டும், அவ்வளவுதான். போனில் ஆரம்பித்தால் "அம்மா, மீட்டிங்" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஆச்சிக்குப் பதில். நாம் கும்பிடுவதும் அவர்கள் கும்பிடுவதும் ஒரே ஆண்டவரைத்தான். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரியேக தேவன்; மனிதனாகப் பிறந்து, சிலுவையில் மரித்து, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்து, திரும்பவும் வரப்போகிற கிறிஸ்து. இதில் ஒரு எழுத்துகூட நமக்கும் அவர்களுக்கும் வேறல்ல. நிசேயாவில் 325இலும் கான்ஸ்டான்டிநோபிளில் 381இலும் கூடிய திருச்சபைச் சங்கங்கள் வகுத்த விசுவாசப் பிரமாணத்தைத்தான் இருவரும் எழுந்து நின்று சொல்கிறோம். நாம் அவர்களிடமிருந்து பிரியக் காரணமான சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் பிறப்பதற்கு ஆயிரம் வருஷம் முந்தைய சொத்து அது. அவர் அதில் கை வைக்கவில்லை.

அந்தப் பிரமாணத்திலேயே கன்னிமரியாள் இருக்கிறாள். நம் ஜெபப்புத்தகத்தின் மாலை ஆராதனையில் மரியாளின் பாட்டு இருக்கிறது. "பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார்" என்று அரண்மனைகள் நடுங்கப் பாடியவள் அவள். லூத்தரே 1521இல் அந்தப் பாட்டுக்கு விளக்கம் எழுதினார். வித்தியாசம் எங்கே என்றால், மரியாளிடம் பரிந்துபேசக் கேட்பது அவர்கள் வழக்கம். இடையில் கிறிஸ்து ஒருவர் போதும் என்பது நம் போதனை. இதை ஆச்சியிடம் மரியாதையாகவே சொல்லலாம். நம் ஆட்களில் எத்தனை பேர் வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை வைத்துவிட்டு நம் போதகர் ஐயருக்குத் தெரியாமல் பஸ் ஏறுகிறார்கள் என்பதை மட்டும் நீயாகச் சொல்ல வேண்டாம்.

அப்படியானால் எதற்காகத்தான் பிரிந்தோம்? இதைச் சரியாகத் தெரிந்துகொள், ஏனென்றால் நம் பக்கத்துப் பிரசங்கங்களிலேயே இதை அரைகுறையாகச் சொல்கிறார்கள். 1517 அக்டோபர் 31இல் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தின் வேதாகம ஆசிரியராக இருந்த மார்ட்டின் லூத்தர் என்ற துறவி, 95 வாசகங்களை ஜெர்மனியின் மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்டுக்கு அனுப்பினார். விஷயம் பாவமன்னிப்புச் சீட்டு. "காசு கொடுத்தால் பாவம் போய்விடும் என்று விற்றார்கள்" என்பார்கள். திருச்சபையின் ஏட்டுப்படி அந்தச் சீட்டு, மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிச்சமிருக்கும் தண்டனையை, அதாவது செத்தபின் ஆத்துமா சுத்தமாகும் இடமான உத்தரிக்கும் ஸ்தலத்து வேதனையைக் குறைப்பது. ஆனால் சந்தையில் விற்றவர்கள் ஏட்டைப் பார்த்தா விற்றார்கள்? டெட்சல் என்ற பிரசங்கி ஊர் ஊராகப் போய், செத்துப்போன தாய் தகப்பன் வேதனையில் கதறுகிறார்கள் என்று ஏழைகளிடம் காசு பிடுங்கினார். அந்தப் பணத்தில் பாதி ரோமில் பேதுரு பேராலயம் கட்டப் போனது. மீதி, ஆல்பிரெக்ட் பதவிக்காக வாங்கிய வங்கிக் கடனை அடைக்கப் போனது.

லூத்தரின் கோபம் பணத்தைப் பற்றி மட்டும் என்று நினைக்காதே. அதற்கு அடியில் அவருடைய சொந்தப் பயம் இருந்தது. மடத்தில் உபவாசம் இருந்தார், மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தார். எவ்வளவு செய்தாலும் கடவுளுக்குப் போதுமா என்ற கேள்வி அவரை விடவில்லை. ரோமர் நிருபத்தை வகுப்புக்காகப் படித்தபோது, "விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்" என்ற வசனம் அவரைப் பிடித்துக்கொண்டது. நாம் நல்லவர்கள் ஆனபிறகு கடவுள் ஏற்றுக்கொள்வதில்லை. அவர் ஏற்றுக்கொள்வதால்தான் நாம் நல்லது செய்யத் துணிகிறோம். சீர்திருத்தத்தின் உயிர்நாடி இதுதான். பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்து நீ சாப்பிடாமல் படுத்திருந்த நாளில் நான் உனக்குச் சொன்னதும் இதுதான். அப்போது லூத்தர் பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவே.

இதற்கு அவர்கள் யாக்கோபின் நிருபத்தைக் காட்டுவார்கள்: கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்று. நியாயம்தான். இந்தச் சண்டை நானூற்று எண்பது வருஷம் ஓடி, 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரே அறிக்கையில் கையெழுத்துப் போட்டன. இரட்சிப்பு கிருபையினால் மட்டுமே, நம்முடைய தகுதியினால் அல்ல. அந்தக் கிருபையே நற்கிரியைகளுக்கு நம்மை எழுப்புகிறது என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டன. எல்லா வித்தியாசமும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் எதற்காக ஐரோப்பாவில் ஊர்கள் எரிந்தனவோ அந்த விஷயத்தில் இவ்வளவு நெருங்கி வந்திருக்கிறார்கள். நம் சபையில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப் பார். கமிட்டித் தேர்தல் தேதி மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

லூத்தரை நான் பரிசுத்தவானாக்கவில்லை. 1525இல் விவசாயிகள் கலகம் செய்தபோது பிரபுக்கள் பக்கம் நின்று அவர் எழுதியதும், 1543இல் யூதர்களைப் பற்றி எழுதியதும் படிக்கவே கூசுகின்றன. ஆனாலும் வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்தபோது புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்த்து 1522இல் வெளியிட்டார் பார், அதற்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். சாதாரண மனிதன் கையில் வேதம் வர வேண்டும், அதைப் படிக்கப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், பெண் பிள்ளைக்கும் வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து கிளம்பித் தரங்கம்பாடிக்குக் கப்பல் ஏறியது. 1706 ஜூலையில் லூத்தரன் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளுட்சோவும் வந்திறங்கினார்கள். 1715க்குள் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. என் பாட்டி கையெழுத்துப் போடப் படித்தது மிஷன் பள்ளிக்கூடத்தில்தான்.

ஆனால் மாப்பிள்ளை வீட்டில் இதைப் பெருமையடித்துவிடாதே, மூக்குடைபடுவாய். தமிழை முதலில் அச்சேற்றியவர்கள் அவர்கள்தான். அந்திரிக் அடிகளார் என்ற சேசு சபைக் குருவின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. யாருக்காக? தூத்துக்குடியைச் சுற்றிய கடற்கரையான முத்துக்குளித்துறை மக்களுக்காக, அதாவது உன் மாப்பிள்ளையின் முன்னோர்களுக்காக. சீகன்பால்கு வருவதற்கு நூற்றிருபத்தெட்டு வருஷம் முன்னால். அதே சமயம், அந்த ஆச்சி சின்னப் பிள்ளையாக இருந்தபோது பூசை லத்தீனில்தான் நடந்திருக்கும். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான், 1960களில், அது தமிழுக்கு வந்தது. மக்கள் மொழியில் ஆராதனை என்று லூத்தர் கேட்டது அவர்கள் வீட்டுக்கும் தாமதமாக வந்து சேர்ந்துவிட்டது.

இனி உனக்கு நேரே வரப்போகிற காரியங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு பூசைக்குப் போவாய். கர்த்தருடைய ஜெபத்தில் தீமையிலிருந்து விடுவிக்கக் கேட்டதும் எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். நீ மட்டும் "ராஜ்யமும் வல்லமையும்" என்று தொடர்ந்து தனியாக ஒலிப்பாய். வெட்கப்படாதே. குரு சின்ன ஜெபம் ஒன்று சொன்னபின் அவர்களும் அதைச் சொல்வார்கள்.

நற்கருணைதான் பெரிய விஷயம். நம் கோவிலில் பலிபீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு, இடது கைமேல் வலது கையை விரித்து வைத்தால் ஐயர் அப்பத்தை வைக்கிறார். பின்னால் திராட்சரசப் பாத்திரம் வருகிறது. அந்தப் பாத்திரத்தைச் சாதாரணமாக நினைக்காதே. சீர்திருத்தத்துக்கு முன் ஐரோப்பாவில் குருவுக்கு மட்டும்தான் அது. சனங்களுக்கு அப்பம் மட்டும். லூத்தருக்கு முன்பே சீர்திருத்தம் கேட்ட, பொஹிமியாவின் (இன்றைய செக் நாடு) யான் ஹஸ் 1415இல் உயிரோடு எரிக்கப்பட்டபின், அவருடைய ஆட்கள் பாத்திரத்தையே தங்கள் கொடியில் அடையாளமாக்கினார்கள். அப்பமும் ரசமும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமுமாகவே மாறிவிடுகின்றன என்பது கத்தோலிக்கப் போதனை. நாம் அவர் அங்கே மெய்யாக நம்மைச் சந்திக்கிறார் என்று நம்புகிறோம், எப்படி என்று அளக்கப் போவதில்லை. வேறு சபையில் நற்கருணை வாங்குகிறவரை நம் ஐயர் பந்திக்கு அழைப்பார். அவர்கள் சட்டப்படி, சாதாரணமாக, நீ அங்கே வாங்க முடியாது.

அதனால்தான் ஒன்று கேட்கிறேன். கல்யாணத்தைத் திருப்பலியோடு, அதாவது முழுப் பூசையோடு வைத்தால், மாப்பிள்ளை எழுந்து போய் நற்கருணை வாங்குவார். பட்டுப்புடவையில் நீ நாற்காலியில் உட்கார்ந்திருப்பாய், உன் பக்கத்துச் சனம் முழுக்க உட்கார்ந்திருக்கும். கல்யாண நாளில் அது எனக்குச் சம்மதமில்லை. திருப்பலி இல்லாமல், வேத வாசிப்பும் திருமண வாக்குறுதியும் மட்டும் கொண்ட வழிபாட்டு முறை அவர்களிடமே இருக்கிறது. கலப்புத் திருமணத்துக்கு அதுவே வழக்கமான முறை. பங்குத்தந்தையிடம் மாப்பிள்ளை இதை இப்போதே கேட்கட்டும். ஆயரின் அனுமதியும் வாங்க வேண்டியிருக்கும், அதற்கும் நாள் ஆகும்.

இன்னொன்று. பிறக்கும் பிள்ளைகளுக்குக் கத்தோலிக்க ஞானஸ்நானம் கொடுத்து வளர்க்க, தன்னால் முடிந்ததைச் செய்வதாக மாப்பிள்ளை வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாக்கு அவருடையது. உனக்கு அதைத் தெரிவித்தால் போதும், நீ வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் இரண்டு பேரும் கல்யாணத்துக்கு முன்னால் உட்கார்ந்து பேசுங்கள், பிரசவ வார்டில் வைத்துப் பேசாதீர்கள். உனக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. திரியேக நாமத்தில் தண்ணீரால் நாம் கொடுத்ததை அவர்கள் திருச்சபையே செல்லும் என்று ஏற்கிறது.

பெண்கள் விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. நம் சி.எஸ்.ஐ.யில் 2013இல் ஒரு பெண், புஷ்ப லலிதா, நந்தியால் பேராயராகவே ஆனார். உனக்கு மகள் பிறந்தால் அங்கே அந்தக் கதவு மூடியிருக்கும்.

உன் பெரியப்பா நேற்று வந்து, "ஆர்.சி.க்குக் கொடுப்பதா?" என்று ஆரம்பித்தார். ஐந்து நிமிஷத்தில் மாதாவும் செபமாலையும் போய்ச் சாதி வெளியே வந்துவிட்டது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கட்டளை எழுதினார். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரிய புலவரே அதை எதிர்த்து நின்றார். கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளம் கோவிலில் சாதிக்கொரு பக்கமாகச் சுவரே வைத்திருந்தார்கள். கிருபையினால் மட்டும் என்று பாடிக்கொண்டே பிறப்பைப் பார்க்கிறவனுக்கு லூத்தரும் வேண்டாம், போப்பும் வேண்டாம். பெரியப்பாவிடம் இதைக் காபி கொடுத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு வருவார், கவலைப்படாதே; சாப்பாட்டை விடமாட்டார்.

ஞானஸ்நானச் சான்றிதழும் திடப்படுத்தல் சான்றிதழும் பீரோவில் இருக்கின்றன. பங்குத்தந்தை கேட்பார் என்பதால் நகல் எடுத்துக் கூரியரில் அனுப்புகிறேன். கல்யாண அறிவிப்பு ஓலையைக் கோவிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும் என்று நம் ஐயர் சொன்னார், அதனால் தேதியை இந்த வாரமே முடிவு செய்து சொல். அடுத்த தடவை ஆச்சியைப் பார்க்கும்போது நான் விசாரித்ததாகச் சொல். அந்தக் கேள்வியை அவர்கள் மறுபடி கேட்காவிட்டால், நீயே எடுத்துப் பேசு.

அன்புடன்,
அம்மா