நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் உண்ணி போகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெறிநாய்க்கடி பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி எழுதுகிறீர்கள், அது அவசியம்தான். ஆனால் கோடை தொடங்கியதும் எங்கள் மேட்டுப்பாளையம் பகுதியில் நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருண்டு படுப்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. சாப்பாட்டைத் தொடாது, உடம்பு கொதிக்கும், நாலைந்து நாளில் எழுந்து நிற்கவே தெம்பு இருக்காது. கேட்டால் "வெயில் ஒத்துக்கல", "எவனோ மருந்து வச்சுட்டான்" என்பார்கள். காது மடலைத் திருப்பிப் பார்த்தால் பல நேரம் காரணம் அங்கேயே உட்கார்ந்திருக்கும், உண்ணி.

பக்கத்துத் தெருவில் ஒரு ராஜபாளையம் நாய்க்குப் போன கோடையில் மூக்கில் ரத்தம் வந்தது. கல்லால் அடித்துவிட்டார்கள் என்று நினைத்து மூக்கின் மேல் மஞ்சளைக் குழைத்துப் போட்டிருந்தார்கள். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளிறிக் கிடந்தது, வயிற்றுத் தோலில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள், கால் விரல் இடுக்கெல்லாம் உண்ணி. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தன. உண்ணி மூலம் ரத்தத்தில் ஏறும் எர்லிச்சியா என்ற கிருமி என்றார் கால்நடை மருத்துவர். நாலு வாரம் டாக்ஸிசைக்ளின் கொடுத்ததில் நாய் பிழைத்துக்கொண்டது. இன்னும் இரண்டு நாள் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ! இதே உண்ணி மூலம் பபேசியா என்று இன்னொன்றும் வரும், அது சிவப்பணுக்களை உடைத்துவிடும், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். எர்லிச்சியாவுக்கான மருந்தை மட்டும் கொடுத்தால் இது தீராது, அதனால் பரிசோதனை செய்யாமல் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

இதில் பெரும்பாலோர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. நாய் உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. குஞ்சாக இருக்கும்போது ஒரு முறை, அடுத்த பருவத்தில் ஒரு முறை, வளர்ந்த பிறகு ஒரு முறை என்று ரத்தம் குடிக்க மட்டும் ஏறும், குடித்ததும் உதிர்ந்துவிடும். வயிறு முட்டக் குடித்து ஆமணக்கு விதை மாதிரி உப்பிப்போன பெண் உண்ணி சுவர் விரிசல், கதவு நிலை இடுக்கு, சாக்குக்கு அடி என்று எங்காவது நுழைந்து 4,000 முட்டை வரைக்கும் இடும். நம் ஊர்ச் சூட்டில் இது வருஷம் முழுக்க நடக்கும். குடிக்க ரத்தமே கிடைக்காவிட்டாலும் பல மாதம் சாகாமல் கிடக்கும். நாயைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டாயிற்று, அப்புறமும் எங்கிருந்துதான் வருகிறது என்று கேட்கிறவர்கள் நாய் படுக்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கிற சுவரை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். விரிசலைச் சிமெண்ட் வைத்துப் பூசுங்கள், பழைய சாக்கைத் தூக்கி எறியுங்கள், விரிப்பைக் கொதிக்கிற தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயப்போடுங்கள். நாய்க்கு மருந்து கொடுக்கிற அதே வாரத்தில் இதையும் செய்ய வேண்டும், இல்லையென்றால் ஒரு மாதத்தில் பழைய கதைதான்.

மருந்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாட்டுக்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தை அளவு தெரியாமல் கரைத்து நாய் மேல் ஊற்றுகிறார்கள். நாய் அதை நக்கும், கொஞ்ச நேரத்தில் மயங்கிச் சாயும், இதயத் துடிப்பே குறைந்துபோகும். மண்ணெண்ணெயும் பினாயிலும் தோலைப் பொசுக்கும், அவ்வளவுதான். இப்போது மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ கொடுக்கும் மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. விலை கூடுதல்தான், ஆனால் நாய் படுத்த பிறகு ஊசி, டிரிப்ஸ் என்று ஆகும் செலவோடு பார்த்தால் குறைவு. வலிப்பு வரும் நாய் என்றால் மட்டும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நாய்களுக்கான சில மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம், உயிரே போய்விடும்.

சரி, மனிதர்கள் விஷயத்துக்கு வருகிறேன். உண்ணி பறக்காது, குதிக்காது. புல் நுனியில் முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு காத்திருக்கும், நம் மூச்சுக் காற்றையும் உடல் சூட்டையும் வைத்து ஆள் வருவதைத் தெரிந்துகொள்ளும், உரசிப் போகும்போது ஒட்டிக்கொள்ளும். அதனால் காட்டிலோ தோப்பிலோ நடக்கும்போது பாதையின் நடுவில் நடப்பதும், பேண்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்வதும், வெளிர் நிற உடை போடுவதும் நிஜமாகவே உதவும். தோலுக்கு டீட் கலந்த பூச்சி விரட்டி தடவலாம். மழைக்காலத்துச் செய்திகளில் அடிபடும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைப் பரப்புவது வேறு பூச்சி, கண்ணில் படாத அளவு சின்னது, ஆனால் தற்காத்துக்கொள்ளும் வழி கிட்டத்தட்ட இதேதான்.

1957-ல் கர்நாடகத்தின் சிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டுபிடிக்கப்பட்ட குரங்குக் காய்ச்சலும் காட்டு உண்ணி வழியாக வருவதுதான். நோய் வந்தவர்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பேர் வரை இறந்துபோகிறார்கள். பல வருஷம் அந்தப் பக்கத்தோடு நின்ற இந்தக் கிருமி 2012-க்குப் பிறகு பந்திப்பூர், வயநாடு, நீலகிரி என்று நம் எல்லை வரை வந்து தலைகாட்டியிருக்கிறது. டிசம்பரிலிருந்து மே வரைதான் அதன் காலம். காட்டில் குரங்கு செத்துக் கிடப்பதைப் பார்த்தால் கிட்டே போய்ப் படம் எடுக்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வீடு திரும்பியதும் குளிக்கும்போதே அக்குள், தொடை இடுக்கு, தொப்புள், முழங்காலின் பின்புறம், காதுக்குப் பின்னால் எல்லாம் தடவிப் பாருங்கள், குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள்ளும். நாயோடு போயிருந்தால் வாசலிலேயே நிறுத்திக் காது, கழுத்துப்பட்டைக்கு அடி, விரல் இடுக்கு, வாலுக்கு அடி பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள். எர்லிச்சியா கிருமி சில மணி நேரத்திலேயே நாயின் ரத்தத்தில் ஏறிவிடும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

ஒட்டியிருந்தால் எண்ணெய் விடுவது, தீக்குச்சியால் சுடுவது, நெயில் பாலிஷ் தடவுவது எதுவும் வேண்டாம், அது குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக, நிதானமாக இழுங்கள். நகத்தில் வைத்து நசுக்கும் பழக்கம் நம்மில் நிறைய பேருக்கு உண்டு, அதன் ரத்தம் விரல் கீறலில் பட்டாலே கிருமி உள்ளே போகலாம், ஸ்பிரிட்டில் போட்டுக் கொல்லுங்கள். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி, உள்ளங்கை வரை தடிப்பு என்று எது வந்தாலும் உண்ணி கடித்ததை மருத்துவரிடம் நீங்களே சொல்ல வேண்டும், அவராகக் கேட்பார் என்று இருக்கக் கூடாது.

வனத்துறைக்கு ஒரு வேண்டுகோள். ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தை 2024-ல் 40 மலையேற்றப் பாதைகளோடு தொடங்கினீர்கள், மக்கள் ஆர்வமாகப் போகிறார்கள், சந்தோஷம். ஒவ்வொரு பாதையின் தொடக்கத்திலும் உண்ணி பற்றி ஒரு பலகையும், வழிகாட்டியின் பையில் ஒரு இடுக்கியும் கட்டாயம் இருக்க வேண்டும். கால்நடை மருந்தகங்களில் ரத்தப் பூச்சு (ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் கிருமி தேடுவது) பார்க்கும் வசதி எல்லா ஊரிலும் வேண்டும், எங்கள் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் அதற்காக நாயைத் தூக்கிக்கொண்டு கோவை வரை போகிறார்கள். தெருநாய்களைக் கருத்தடைக்குப் பிடிக்கும்போது உண்ணி மருந்தும் கொடுத்து விட்டால் தெருவுக்கே நல்லது. உங்கள் நாளிதழும் ஒவ்வொரு வருஷமும் டிசம்பருக்கு முன்பே ஒரு கால்நடை மருத்துவரையும் ஒரு பொது மருத்துவரையும் இதைப் பற்றி எழுதச் சொல்லி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மேட்டுப்பாளையம்