ஐஸ் கட்ட முதல் கியர் ஒயிலைப் பார் பிள்ளை

அன்பு மகளுக்கு,

நேற்று போனில "அப்பா, மரினாவில போட் எஞ்சினை குளிருக்குப் பழுதாகாமல் வின்ரரைஸ் பண்ண இவ்வளவு கேக்கிறாங்கள், குடுக்கட்டா" எண்டு கேட்டனி, நான் பிறகு சொல்லுறன் எண்டு வச்சிட்டன். கோபம் ஒண்டும் இல்லை. போனில சொன்னால் நீ ஓம் ஓம் எண்டுவாய், பேந்து கராஜுக்க போய் நிண்டு திருப்ப எனக்கே அடிப்பாய், அதுதான் ஆறுதலா எழுதுறன். காசு குடுக்காதை. 20 குதிரை எஞ்சின், காபரேற்றர் வச்ச பழைய ஃபோர் ஸ்ரோக், ஒரு சனிக்கிழமை பின்னேரம் காணும்.

முதல்ல உனக்கு சொல்லாத ஒரு கதை. நாங்கள் கனடாவுக்கு, ஸ்காபரோவுக்கு வந்து ரெண்டாம் வருசம் ஒரு பழைய போட் வாங்கினனான், நீ அப்ப சின்னனி. சிம்கோ ஏரியில கோடை முழுக்க பேர்ச் மீன் பிடிச்சு அம்மாவுக்கு கழுவிக் கழுவி அலுத்துப்போச்சு. ஒக்டோபரில ரெயிலரோட வீட்டு வாசலில விட்டு மேல தறப்பாள் கட்டினன், அவ்வளவுதான். வல்வெட்டித்துறையில பிறந்தவனுக்கு உப்புத்தண்ணி எஞ்சினைத் தின்னும் எண்டு தெரியும், ஐஸ் தின்னும் எண்டு ஆர் சொல்லித்தந்தது? ஏப்ரலில தறப்பாளை எடுத்தால் கீழ்ப் பக்க கியர் பெட்டியில தலைமயிர் மாதிரி ஒரு வெடிப்பு, சிமெந்தில ஒயில் கறை. புரொப்பெல்லரைக் கழட்டிப் பாத்தன். பின்னால சாஃப்ற்றில தங்கூசி, அந்த நைலோன் தூண்டில் நூல், இறுகச் சுத்தி சூட்டில உருகிக் கட்டியா இருந்தது. அந்தத் தங்கூசி, தண்ணி உள்ள வராமல் தடுக்கிற ரப்பர் சீல் வளையத்தை வெட்டினது, வெட்டின சீலால தண்ணி உள்ள போனது, உறைஞ்ச தண்ணி கிட்டத்தட்ட 9 வீதம் பெருக்கும், அலுமினியம் தாங்குமே? எங்கட தூண்டில் நூலாலயே எங்கட எஞ்சின் போச்சு.

அதால நீ முதல் செய்யவேண்டியது அதுதான். கியரை நியூற்றலில விட்டு, எஞ்சினை நிப்பாட்டுற கில் சுவிச் கிளிப்பைக் கழட்டி, ஸ்பார்க் பிளக் கப்புகளையும் கழட்டி வை, கை வச்ச நேரம் ஸ்ராட் ஆகக்கூடாது. நட்டைக் கழராமல் பிடிக்கிற ஸ்பிளிற் பின்னை நிமித்தி இழு, நட்டைக் கழட்டு, புரொப்பெல்லர் கையோட வரும். உள்ள ஒரு பெரிய வோசர் இருக்கும், அது எந்தப் பக்கம் பாத்து இருந்தது எண்டு போனில ஒரு படம் எடுத்து வை. தங்கூசி இருந்தால் கத்தியால வெட்டாதை, நுனியைத் தேடிப் பிடிச்சு சுத்தி எடு. திருப்பிப் போடேக்க சாஃப்ற்றில இருக்கிற பல்லுக்கு மரீன் கிரீஸ் வடிவா பூசு, ஸ்பிளிற் பின் புதுசு போடு, பழசை வளைச்சுப் போடுற கஞ்சத்தனம் வேண்டாம்.

பிறகு கியர் ஒயில். எஞ்சினை நேரா நிப்பாட்டி, முடிஞ்சால் ஒரு இரவு அப்பிடியே விடு, தண்ணி இருந்தால் அடியில இறங்கியிருக்கும். கியர் பெட்டியின்ர கீழ் ஸ்குரூவைக் கழட்டிப்போட்டு மேல் ஸ்குரூவைக் கழட்டு. பழைய மாஜரின் பெட்டியில பிடி. பிளேன்ரீ மாதிரி தெளிவா வந்தால் சந்தோசம், பால்தேத்தண்ணி மாதிரி வந்தால் சீல் போட்டுது எண்டு அர்த்தம், அப்ப எனக்குப் படம் அனுப்பு. ஸ்குரூவில இருக்கிற காந்தத்தில மாவு மாதிரி இரும்பு ஒட்டியிருக்கும், அது பரவாயில்லை, துண்டு துண்டா இருந்தால்தான் பயம். புது ஒயிலை கீழ் ஓட்டையால பம்ப் பண்ணு, மேல் ஓட்டையால வழியும் வரைக்கும். மேலால ஊத்தினால் காத்து அடைச்சு அரைகுறையாத்தான் நிரம்பும். வழிஞ்ச உடன மேல் ஸ்குரூவை முதல் போடு, பிறகு பம்பை இழுத்த கையோட கீழ் ஸ்குரூ. ரெண்டுக்கும் புது வோசர்.

மற்றதுகள் சுகம். பெற்றோல் ராங்கில பெற்றோல் பழுதாகாமல் வைக்கிற ஸ்ரெபிலைசர் விட்டு, கழட்டின கிளிப்பையும் பிளக் கப்புகளையும் திருப்பிப் பூட்டு. ஹோஸ் பைப்பை அந்த ரெண்டு காது மூடி மாதிரி சாமானில கொழுவி, அதை எஞ்சின் கீழ தண்ணி இழுக்கிற ஓட்டையளில பூட்டி, தண்ணியைத் திறந்த பிறகுதான் ஸ்ராட் பண்ணு. ஒரு பத்து நிமிசம் ஓடட்டும். பின்னால சின்னப் பிள்ளை மூத்திரம் பெய்யிற மாதிரி தண்ணி பீச்சவேணும், பீச்சாட்டி உடன நிப்பாட்டு, உள்ள தண்ணியைத் தள்ளுற ரப்பர் இம்பெல்லர் தண்ணி இல்லாமல் கொஞ்ச நேரத்திலயே கருகிப்போகும். இம்பெல்லர் போன வருசம்தான் மாத்தினனான், அடுத்த வருசம் நான் வந்து நிண்டு காட்டுறன், அதை மட்டும் தனிய தொடாதை. எஞ்சின் சூடா இருக்கேக்கயே 10W-30 மரீன் ஒயிலை மாத்து, ஃபில்ரரோட, 100 மணித்தியாலம் ஓடாட்டியும் வருசத்துக்கு ஒருக்கா. ஸ்பார்க் பிளக்குகளைக் கழட்டினால், திருப்பிப் பூட்டேக்க முதல்ல விரலாலயே சுத்து. அலுமினியத்தில மரை போச்செண்டால் மரினாக்காரன் கேக்கிற காசு பிறகு உனக்கு மலிவாத் தெரியும்.

காபரேற்றர் கிண்ணத்துக்குக் கீழ இருக்கிற சின்ன ஸ்குரூவைத் தளத்தி பெற்றோலை வடிச்சு விடு. ஊரில சித்தப்பாவின்ர மண்ணெண்ணெய் எஞ்சினை பெற்றோலில ஸ்ராட் பண்ணி பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவினம், கரைக்கு வர முதல் திருப்ப பெற்றோலுக்கு மாத்துவினம், இல்லாட்டி விடிய கயிறு இழுத்து இழுத்து தோள் கழண்டுபோம். காபரேற்றருக்க என்ன மிச்சம் கிடக்கு எண்டு பாக்கிற பழக்கம் எனக்கு அங்க இருந்து வந்தது. உங்கட பெற்றோலில எதனோல் இருக்கு, அது ஈரத்தை இழுக்கும், ஆறு மாசம் கிடந்தால் பிசின் மாதிரி ஆகும்.

அனோட், அதான் எஞ்சினை அரிக்க விடாமல் தான் கரையிற உலோகத் துண்டு, அரைவாசிக்கு மேல கரைஞ்சிருந்தால் மாத்து, கடையில மக்னீசியம் எண்டு கேள், சிங்க் உப்புத்தண்ணிக்கு. மேல பெயின்ற் அடிச்சிடாதை, அடிச்சால் அது வேலை செய்யாது, உன்ர மாமா ஒருக்கா வடிவா இருக்கட்டும் எண்டு அடிச்சவர்.

ஏரிக்கரையில இருக்கிற பரி நகரத்தில இருந்து போட்டை இழுத்து வரேக்க அடிக் கோர்க்கைக் கழட்டி தண்ணி வடிச்சனியோ? 2022 இல இருந்து ஒன்ராறியோவில அது சட்டம், புல்லு பாசியும் ரெயிலரில தொங்கக்கூடாது. கடைசியா எஞ்சினை நிமித்தியே வை, சரிச்சு வச்சால் தண்ணி தங்கும்.

புரொப்பெல்லர் நட்டுக்கான சொக்கற் நீலப் பெட்டியில, பழைய துணிக்குக் கீழ கிடக்கு. மாஜரின் பெட்டியில ஒயில் விழுந்த உடன, வேற எதையும் தொட முதல், எனக்கு ஒரு படம் அனுப்பு. சனிக்கிழமை பின்னேரம் போனைக் கையில வச்சுக்கொண்டுதான் இருப்பன்.

அப்பா