சிசிடிவி பதிவு அழிவதற்குள் தேடி எடுக்க நடைமுறை வகுக்கக் கோரி மனு

அனுப்புநர்:
சிசிடிவி கேமரா பொருத்துவோர், பழுதுபார்ப்போர்,
கிராஸ்கட் ரோடு, நூறடி ரோடு பகுதி,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மாநகரக் காவல் ஆணையர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: குற்றச் சம்பவங்களில் கேமரா பதிவுகளைக் காலத்தே பாதுகாத்து, முறையாகத் தேடி எடுக்க அனைத்துக் காவல் நிலையங்களுக்கும் அறிவுறுத்தல் வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு, வணக்கம்.

வண்டித் திருட்டோ சங்கிலிப் பறிப்போ, பதிவு பெரும்பாலும் அக்கம்பக்கத்துக் கேமராவில் இருக்கும். எடுக்கப் போவதற்குள் அழிந்துவிடுவதுதான் சிக்கல். எட்டு கேமராவும் 2 டிபி ஹார்ட் டிஸ்க்கும் உள்ள ஒரு கடையில், ஒவ்வொரு கேமராவும் விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் இடைவிடாமல் எழுதினால் நாளுக்கு 170 ஜிபிக்கு மேல் ஆகும். பதினோரு நாளில் டிஸ்க் நிரம்பி, பழையதன் மேலேயே புதியது ஏறும். அப்படி அழிந்ததை யாராலும் மீட்டுத்தர முடியாது. ஆகவே எப்.ஐ.ஆர். வரை காத்திராமல், புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் சுற்றியுள்ள கேமரா உரிமையாளர்களுக்குப் பதிவைப் பாதுகாக்கும்படி எழுத்தில் கொடுக்க உத்தரவிட வேண்டுகிறோம். பல டிவிஆர்களில் (கேமராப் பதிவைச் சேமிக்கும் பெட்டி) குறிப்பிட்ட நேரத்துக் கோப்பை 'லாக்' செய்யலாம். அதன் மேல் எதுவும் எழுதாது.

தேடுவதற்கு முன் டிவிஆர் காட்டும் தேதி, நேரத்தையும் செல்போன் நேரத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்து, வித்தியாசத்தைக் குறிக்க வேண்டும். இணைய இணைப்பில்லாத டிவிஆரின் கடிகாரம் நாளடைவில் பல நிமிடம் பிசகும். போர்டிலுள்ள பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதியே பல ஆண்டு பின்னுக்குப் போய்விடும். சம்பவத் தேதியில் ஒன்றுமில்லை என்று விட்டுவிடும் பதிவு வேறொரு தேதியின் கீழ் பத்திரமாக இருக்கும். காட்சியை எடுத்து முடிக்கும்வரை கடிகாரத்தைத் திருத்தவே கூடாது.

மாலை 6 மணிக்கு நிறுத்திய வண்டி காலை 6 மணிக்கு இல்லை என்றால் பன்னிரண்டு மணி நேரத்தையும் ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. நள்ளிரவு 12 மணிக்கு வண்டி நிற்கிறதா என்று பார்த்து, நின்றால் 3 மணிக்கும், இல்லையென்றால் இரவு 9 மணிக்கும் போக வேண்டும். இப்படிப் பத்து முறை பாதியாக்கினால் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடலாம். சங்கிலிப் பறிப்புக்கு இது உதவாது. நடந்த சுவடே காட்சியில் மிஞ்சாது. அதை 4 மடங்கு வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. 16 மடங்கில், இரண்டு விநாடியில் கடக்கும் பைக் கண்ணில் படாமலே போய்விடும். இரவுக் காட்சியில் நிறத்தை நம்பவும் கூடாது. அகச்சிவப்பு வெளிச்சத்தில் சில கறுப்புத் துணிகள் வெளிறித் தெரியும்.

மானிட்டரைச் செல்போனில் படம் பிடிப்பதை அறவே நிறுத்த வேண்டும். நம்பர் பிளேட்டில் அரைகுறையாகத் தெரிந்த எழுத்தும் அதில் கரைந்துவிடும். எப்ஏடி32 முறையில் பார்மட் செய்த பென்டிரைவில் அசல் கோப்பையும், அதை ஓட்டும் பிளேயரையும் சேர்த்தே எடுக்க வேண்டும். டிஸ்க்கைக் கழற்றி கம்ப்யூட்டரில் மாட்டினால் விண்டோஸ் 'பார்மட் செய்யவா?' என்று கேட்கக்கூடும். அவசரத்தில் ஒருவர் 'ஆம்' அழுத்தினால் மொத்தமும் ஆபத்தில் சிக்கும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63(4)-இன்படி மின்னணுப் பதிவுடன் தரும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பும் (கோப்பிலிருந்து கணக்கிடும் அடையாள எண்; கோப்பு மாறினால் இதுவும் மாறும்) குறிக்கப்பட வேண்டும். கோப்பை நகலெடுத்த இடத்திலேயே அதைக் கணக்கிட்டு எழுதிக்கொள்வது நல்லது. சான்றிதழில் பதிவைத் தருபவர் நிரப்பும் 'அ' பகுதியில் கையெழுத்திடப் பல கடைக்காரர்கள் தயங்குகிறார்கள். தமிழ் விளக்கத்துடன் அச்சிட்ட படிவம் நிலையத்தில் இருந்தால் அந்தத் தயக்கம் குறையும்.

மேற்கண்டவற்றை ஒரு பக்கச் சுற்றறிக்கையாக அனுப்பி, நிலையத்துக்கு இரண்டு காவலர்களுக்காவது செயல்முறைப் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பயிற்சிக்கான டிவிஆர், கேமராக்களுடன் கட்டணமின்றி வந்து கற்றுத்தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)